நோட்டில் இல்லாத எண்

ஏப்ரல் 21, திங்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், யாரிடம் என்று தெரியாவிட்டாலும். இது கல்லூரியில் நெட்வொர்க் பாடத்துக்கு வாங்கிய ரெக்கார்டு நோட்டு. பின்னால் நாற்பது பக்கம் மிச்சம் இருக்கிறது. எங்கள் வீட்டில் தன்னைப் பற்றித் தாளில் எழுதியவர் யாரும் இல்லை. அம்மா பீடிக் கடையில் கையெழுத்துப் போடுவாள், அவ்வளவுதான். அதனால் ‘நான்’ என்று எழுதும்போதே யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று, ‘பெரிய ஆளு, எழுத வந்துட்டா’ என்று சொல்வது போல இருக்கிறது. இருந்தாலும் வாயில் வராததை எங்காவது வைக்க வேண்டியிருக்கிறது.

இது பாளையங்கோட்டையில் வேலைக்குப் போகும் பெண்கள் விடுதி. ஓர் அறைக்கு இரண்டு கட்டில். ஒன்று என்னுடையது, மற்றது பியூலா அக்காவுடையது. அக்கா ஈஸ்டருக்கு நாசரேத் போய்விட்டு இன்று மதியம் வந்தார். மகள் ஷெரின் அங்கேதான், அக்காவின் அக்கா வீட்டில் வளர்கிறாள். எட்டு வயது. எனக்கென்று மஸ்கோத் அல்வா கொண்டுவந்திருந்தார்.

நாளையிலிருந்து அக்காவுக்கு ஒரு சோதனை. நார்வேயில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு பள்ளிக்கு, இணையத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் எடுக்கிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் நம் நேரம் இரவு ஏழரை மணிக்கு வகுப்பு. எட்டு வகுப்பு பார்ப்பார்கள். மூன்று வகுப்புக்கு மேல் தொடர்பு அறுந்தால் எடுக்க மாட்டார்கள். வேலை கிடைத்தால் அக்கா மே கடைசிக்குள் ஒரு வீடு பிடித்து, ஷெரினை ஜூனில் இங்கே நாலாம் வகுப்பில் சேர்ப்பார். அக்கா முன்பு வேலை பார்த்த பள்ளியை மூடியதிலிருந்து காலையில் டியூஷன் மட்டும்தான்.

“அவட்ட சத்தியம் பண்ணிட்டு வந்துட்டேன் ட்டீ. ஜூன்ல அம்மா கூடத்தான்னு,” என்றார்.

அக்காவின் லேப்டாப் பழசு. விண்டோஸில் திணறியது. மார்ச்சில் நான்தான் அதை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக்கொடுத்தேன். நன்றாக ஓடுகிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஸ்கேன் சென்டரில் இன்று கூட்டம். ரிப்போர்ட் தட்டச்சு செய்து விரல் மரத்துவிட்டது. ஆறே முக்காலுக்கு அறைக்கு வந்தேன்.

அக்கா புடவை மாற்றி, தலை வாரி, மேசை முன் உட்கார்ந்திருந்தார். ஏழரைக்குத் திரையில் இரண்டு பெண் குழந்தைகள் வந்தார்கள். பெரியவள் துளசிகா, சின்னவள் அபிசா. பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள்.

“ரீச்சர், உங்களுக்குப் பின்னால காயுறது துவாயா?”

“துவாய்னா என்னம்மா?”

துளசிகா எழுந்து ஓடி ஒரு துண்டை எடுத்துவந்து ஆட்டினாள்.

“ஓ, துண்டா! அது எங்க வடிவு அக்கா துண்டு. வடிவு, அதை எடுத்துடு ட்டீ, மானம் போவுது.”

குழந்தைகள் சிரித்தார்கள். நான் கேமராவில் படாமல் குனிந்து போய் எடுத்தேன். எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. ஏழு ஐம்பதுக்கு அக்காவின் திரை நின்றுவிட்டது. இரண்டு நிமிடம் கழித்து வந்தது. மறுபடி போனது. எட்டு மணிக்கு மேல்தான் சரியானது.

“ரீச்சர் நிண்டுட்டா. வாய் திறந்தபடி நிண்டுட்டா,” என்று சின்னவள் வாயைத் திறந்து காட்டினாள்.

வகுப்பு முடிந்ததும் அக்கா என்னைப் பார்த்தார். “வடிவு, என்னன்னு கொஞ்சம் பாரேன்.”

பார்த்தேன். டெர்மினலைத் திறந்து, இணைப்பு விவரம் பதிவாகும் லாக் முழுவதும் படித்தேன். இணைந்தது, துண்டிக்கப்பட்டது, இணைந்தது, துண்டிக்கப்பட்டது. பதினொரு முறை. வைஃபையின் டிரைவர் மென்பொருளில் கோளாறு இருக்கலாம் என்று சொன்னேன்.

வகுப்பு நடந்தபோது நான் என் கட்டிலில் போர்வைக்குள் இருந்து பயிற்சிப் பாடத்தை அனுப்பிக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்குள் அனுப்ப வேண்டும்.

ஏப்ரல் 23, புதன்

அக்காவின் வைஃபைக்கு மின்சாரம் மிச்சம் பிடிக்கும் அமைப்பை நிறுத்தினேன். சில பழைய வைஃபை அட்டைகளுக்கு அதனால் தூக்கம் வரும். துணி துவைத்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

சென்டரில் இரண்டு பேர் லீவு. எட்டே முக்காலுக்குத்தான் வந்தேன். அக்கா வாசலிலேயே நின்றார்.

“ஒரு தடவைகூட நிக்கல ட்டீ! நீ அன்னைக்கு ஏதோ பண்ணினல்லா, அதுதான். உங்கம்மா உன்ன வீணா படிக்க வைக்கல.”

மிச்சமிருந்த அல்வா முழுவதையும் எனக்குத் தந்தார். நெய் கசிந்த தாளோடு கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ‘ஒரு தடவைகூட நிக்கல’ என்பதைக் கேட்டபோது எனக்கு ஏன் சந்தோஷம் வரவில்லை என்று இங்கே எழுத வேண்டும். எழுதவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

வைஃபை உள்ள ஒவ்வொரு கருவிக்கும் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து பன்னிரண்டு இடத்தில் ஓர் அடையாள எண் உண்டு. எங்கள் வார்டன் ஆவுடையம்மாள் மேடம் அந்த எண்களை ஒரு நீள நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார். ஆளுக்கு ஒரு கருவி. நோட்டில் எண் இருந்தால்தான் ரவுட்டர் உள்ளே விடும். விடுதிக்குப் பக்கத்தில் பெரிய குடோன் இருப்பதால் அறைக்குள் போன் சிக்னலும் நிற்காது. மொட்டை மாடியில் கிடைக்கும், அதை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

ஜனவரியில் நான் சேர வந்த அன்று, எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் பையிலிருந்து மின்சாரக் கெட்டிலை மேடம் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். அந்தப் பெண் அழுதாள். அடுத்தது என் முறை. “கரண்டு சாமான் ஏதும் இருக்கா?” என்று கேட்டார். “ஒண்ணும் இல்ல மேடம்,” என்றேன். பையின் அடியில், பாவாடைக்குள் சுற்றி லேப்டாப் இருந்தது. விண்ணப்பத்தில் அந்த இடத்தில் கோடு போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

மார்ச்சில் பியூலா அக்காவின் லேப்டாப்பைப் பதிய வேண்டியிருந்தது. லினக்ஸில் எண் எங்கே இருக்கிறது என்று மேடத்துக்குத் தெரியவில்லை. “நீதான கம்ப்யூட்டர் படிச்ச பிள்ள? வாசி,” என்றார். ஒவ்வோர் எழுத்தாக நான் வாசிக்க, அவர் எழுதினார். முடித்ததும் பேனாவை மூடாமல், “உனக்கு ஏதும் உண்டா?” என்று கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஜனவரியில் சொன்ன பொய் தெரிந்துவிடுமே என்று, “இல்ல மேடம்,” என்றேன். இரண்டாவது முறை சொல்வது முதல் முறையைவிட எளிதாக இருந்தது.

லினக்ஸின் அமைப்புத் திரையில் ஒரு பெட்டி இருக்கிறது. அதில் வேறொரு கருவியின் எண்ணை எழுதினால், நம் லேப்டாப் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு உள்ளே போகும். அன்று வாசித்த எண் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

என்னிடம் லேப்டாப் இருப்பது அக்காவுக்கும் தெரியாது. அக்கா இல்லாத நேரத்தில் மட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. அக்கா காலையில் டியூஷனுக்குப் போய்விடுவார். யாருக்கும் ஒன்றும் குறையவில்லை என்று நினைத்தேன். ஆனால் ஒரே எண்ணை இரண்டு கருவி ஒரே நேரத்தில் சொன்னால் ரவுட்டர் ஒன்றைத் தள்ளி மற்றதை எடுக்கும், மற்றதைத் தள்ளி இதை எடுக்கும். இது நான் பரீட்சையில் எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கிய விடை.

நான் படிப்பது இலவசமாகக் கிடைக்கும் இணையவழி லினக்ஸ் பயிற்சி. முடித்தால் சென்னையில் வேலைக்கு ஒரு வழி உண்டு என்கிறார்கள். வாரப் பாடத்துக்குக் கடைசி நேரம் செவ்வாய் இரவு எட்டு மணி. திங்கட்கிழமையே அனுப்பியிருக்கலாம். இனிமேல் அப்படித்தான்.

ஏப்ரல் 28, திங்கள்

அக்கா குளிக்கப் போனபோது பாடத்தை அனுப்பிவிட்டேன். அடுத்த வாரத்து வீடியோக்களை இறக்கப் போட்டுவிட்டு, மூடி அலமாரியில் வைத்தேன். நாளை அதைத் தொடவே போவதில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

தொடவில்லை. தையல் பிரிந்த சுடிதாரைத் தைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எட்டே காலுக்கு அக்காவின் திரை நின்றது.

அப்போது எனக்குள் வந்த நினைப்பை எழுதுகிறேன், வெட்கமாக இருந்தாலும். ‘அப்படியென்றால் காரணம் நான் இல்லை.’ அக்கா மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கோ தலையிலிருந்து கூடையை இறக்கி வைத்தது போல இருக்கிறது. உண்மையிலேயே டிரைவர்தான், உண்மையிலேயே ரவுட்டர்தான் என்று உற்சாகமாக எழுந்து போய், அக்காவுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, அலைவரிசை எண்ணெல்லாம் மாற்றிப் பார்த்தேன்.

“இவ்வளவு பாக்குதியே, நீ இல்லாட்டா நான் என்ன செய்வேன்,” என்றார் அக்கா.

இரண்டாவது முறை இது. நார்வேக்காரர்கள் குறித்துக்கொண்டார்களாம்.

ஏப்ரல் 30, புதன்

அலமாரியைத் திறந்தேன். துணி சூடாக இருந்தது.

மூடினாலும் தூங்காமல் வேலை செய்யும்படி போன மாதம் நானே அமைத்து வைத்திருக்கிறேன். நேற்று முழுவதும் அது என் பாவாடைகளுக்கு நடுவே அக்காவின் எண்ணைச் சொல்லிக்கொண்டு விட்டு விட்டு வீடியோ இறக்கிக்கொண்டிருந்தது. இன்று காலை திறந்தபோதும் அணையவில்லை. சார்ஜர் வயரை அலமாரிக்குள் விட்டதும் நான்தான்.

அந்தப் பெட்டியிலிருந்து எண்ணை அழித்துவிட்டேன்.

மே 2, வெள்ளி

வகுப்பு நன்றாக நடந்தது. ‘ழ’ சொல்லிக்கொடுத்தார். அபிசாவுக்கு வந்துவிட்டது, துளசிகாவுக்கு வரவில்லை. அக்காளுக்கு முன்னால் தங்கை பத்து தடவை ‘பழம்’ சொல்லிக் காட்டினாள்.

மே 4, ஞாயிறு

அக்கா மாடிக்குப் போய் ஷெரினுடன் பேசிவிட்டு வந்தார். ஷெரின் ஒரு பையில் தன் சாமான்களை இப்போதே எடுத்துவைத்துவிட்டாளாம். பெரியம்மா, “பிள்ள பல்லு வெளக்குறதுக்குப் பிரஷ்ஷையாவது வெளிய எடுட்டீ,” என்று கெஞ்சினாராம். அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மே 6, செவ்வாய்

நேற்று மாலை மின்வெட்டு. பாடம் முடியவில்லை. இன்று ஏழு ஐம்பத்தைந்துக்கு முடித்தேன். கோப்பு சிறியது. அனுப்ப மூன்று நிமிடம் போதும். இதைத் தவறவிட்டால் பயிற்சியிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள், ஏற்கெனவே ஒன்று தவறியிருக்கிறது.

லேப்டாப்பைக் குளியலறைக்கு எடுத்துப் போனேன். பன்னிரண்டு எழுத்தை மறுபடி அடித்தேன். ஒன்றும் மறக்கவில்லை. வாளியைக் கவிழ்த்து அதன் மேல் வைத்து அனுப்பினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல், “அபிசா, கேக்குதா? அம்மா, கேக்குதா?” என்று கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு மெதுவாக, “ஆண்டவரே,” என்றது.

அனுப்பி முடிந்தது என்று திரையில் பச்சை எழுத்து வந்தது. எண்ணை அழித்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டேன், குளித்தது போலச் சத்தம் வரட்டும் என்று.

மூன்றாவது முறை. இன்னொன்று ஆனால் அவ்வளவுதான்.

மே 9, வெள்ளி

வகுப்பு நன்றாக நடந்தது. நான் வரும்போதே லேப்டாப்பை சென்டரில் என் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன்.

மே 10, சனி

காலை ஏழு மணிக்கு மேடம் கூப்பிட்டுவிட்டார், அக்காவை. அக்கா என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மேசை மேல் ஒரு பக்கம் ரவுட்டர் கணக்குத் தாள். எந்த எண் எந்த நேரத்தில் உள்ளே இருந்தது என்று அதில் வரும். இன்னொரு பக்கம் வாசல் பதிவேடு. நாங்கள் வெளியே போகும்போதும் வரும்போதும் கையெழுத்திடுவது.

“பியூலா, ஏப்ரல் இருபத்திநாலு, வியாழன். காலைல ஒம்பதுக்கு நீ வெளிய போயிருக்க. ஒண்ணு பத்துக்கு வந்திருக்க. சரியா?”

“சரிதான் மேடம்.”

“லேப்டாப்ப கொண்டு போனியா?”

“இல்ல மேடம், டியூஷனுக்கு எதுக்கு?”

“அப்ப பதினோரு மணிக்கு உன் நம்பர் எப்படி நெட்ட இழுத்திருக்கு? மே ஒண்ணாந்தேதியும் இப்படித்தான். உன் நம்பர யாருக்குக் குடுத்த?”

மே ஒன்று. முந்தின நாள்தான் நான் அதை அழித்ததாக இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். அழித்தேன், உண்மை. மறுநாள் விடுமுறை, காலையில் திரும்ப எழுதினேன், மதியம் அழித்தேன். அதை இங்கே எழுதவில்லை.

“சத்தியமா நான் யாருக்கும் குடுக்கல மேடம். எனக்கு அந்த நம்பரு என்னன்னே தெரியாது. வடிவு, நீ சொல்லேன். நீ படிச்சவல்லா. இப்படி வேற யாராவது எடுக்க முடியுமா?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மேடத்தின் கையில் சிவப்புப் பேனா. ‘முடியும்’ என்ற ஒரு சொல் போதும், அக்கா தப்பித்துவிடுவார்.

“தெரியல மேடம்,” என்றேன்.

மேடம் நோட்டைத் திறந்து, அக்காவின் எண் மேல் அளவுகோல் வைத்துக் கோடு போட்டார். “ரெண்டு மாசத்துக்குக் கிடையாது. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்.”

மாடிப்படியில் அக்கா, “உன்ன வேற காலங்காத்தால இழுத்துட்டுப் போயி சங்கடப்படுத்திட்டேன்,” என்றார்.

மே 11, ஞாயிறு

லேப்டாப்பில் ஏதோ வைரஸ் புகுந்துதான் தன் பெயரைக் கெடுத்துவிட்டது என்று அக்கா நம்புகிறார். “எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடு ட்டீ. சுத்தமாயிட்டுன்னு மேடத்துட்ட காட்டுவோம்,” என்றார். கோவில் ஆராதனைக்குக்கூடப் போகவில்லை.

ஒரு கோளாறும் இல்லாத லேப்டாப்பை, சென்டருக்கு லீவு சொல்லிவிட்டு, ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து அழித்துப் புதிதாக லினக்ஸ் போட்டேன். அக்கா விசிறிக்கொண்டே பக்கத்தில் இருந்தார். அழிப்பதற்கு முன் படங்களை எடுத்து வைக்க வேண்டியிருந்தது. ஷெரின் முன்பல் இல்லாமல். ஷெரின் மழைக்கோட்டில். ஷெரின் பையைக் கட்டிவைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருப்பது.

“ஒண்ணும் போயிடாதுல்லா?” என்று கேட்டார்.

“போகாதுக்கா.”

மேடம் பார்க்கவே மறுத்துவிட்டார்.

மே 12, திங்கள்

சொல்லிவிடுவது என்று காலையில் அலுவலகத்துக்குப் போனேன். மேடம் தென்காசியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், புதன்கிழமைதான் வருவாராம். நோட்டும் ரவுட்டர் சாவியும் அவரிடம். எனக்கு வந்தது நிம்மதி. அதைத்தான் முதலில் எழுத வேண்டும். நிம்மதிதான் வந்தது.

அக்காவிடம் நேரே சொல்லியிருக்கலாம். அறையில்தான் இருந்தார். அயர்ன் செய்ய என் சுடிதாரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

மே 13, செவ்வாய்

சிக்னல் கிடைக்கும் கடைசி இடம், பூட்டிய மொட்டை மாடிக் கதவுக்கு முந்தின படி. அக்கா படியில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டார். அக்காவின் போனிலிருந்து நெட். நான் மேல் படியில் நின்று, கதவின் மேல் இருக்கும் சின்ன ஜன்னலுக்கு நேராகப் போனைத் தூக்கிப் பிடித்தேன்.

“ரீச்சர், ஏன் இருட்டா இருக்கு?”

“கரண்டு இல்லம்மா. நீ வாசி.”

அக்கா எப்போதும் பொய் சொல்ல மாட்டார். குழந்தையிடம் சொன்னார்.

கை கடுத்தது. மாற்றிப் பிடித்தேன். பன்னிரண்டு நிமிடம் ஓடியது. பிறகு துளசிகாவின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிட்டது. கையை எவ்வளவு நீட்டியும் வரவில்லை. அரை மணி நேரம் அப்படியே காத்திருந்தோம். எட்டேகாலுக்கு ஒரு நொடி சிக்னல் எட்டிப் பார்த்து, அக்காவின் போனில் ஒரு செய்தி வந்தது. நான்காவது முறை ஆகிவிட்டதால் வருந்துகிறோம் என்று பள்ளியின் ஒருங்கிணைப்பாளர் எழுதியிருந்தார்.

அக்கா லேப்டாப்பை மூடினார். “விடு. உன் கைதான் வலிச்சிருக்கும்,” என்றார்.

அந்தச் சொல்லுக்குப் பிறகு என்னால் முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்து சொன்னேன். ஜனவரி, கெட்டில், மார்ச், அலமாரி, குளியலறை. வரிசையாகச் சொல்லவில்லை. குளியலறையை முதலில் சொன்னேன்.

அக்காவுக்குப் புரிய நேரமானது. “என் நம்பர் உங்கிட்டயா?” என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, “அன்னைக்கு டிரைவர்னு சொன்னியே?” என்றார்.

“பொய்க்கா.”

“நேத்து முந்தா நாளு, எல்லாத்தையும் அழிச்சியே?”

“அதுவும்.”

அழவில்லை, திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். லேப்டாப்பை மார்போடு பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“ஏன்ட்டி எங்கிட்ட கேக்கல? கேட்டிருந்தா மாத்தி மாத்தி வச்சிருப்போமே. செவ்வாக்கிழமை அஞ்சு மணிக்கே உனக்கு விட்டிருப்பேனே.”

கேட்க எனக்குத் தெரியாது. இது காரணம் இல்லை, நடந்தது மட்டும்தான்.

மே 14, புதன்

மேடம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து தண்ணீர் குடிக்கும்போதே போய் நின்றேன். எழுதி எடுத்துப் போயிருந்தேன், ஒன்றரைப் பக்கம். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி வாசித்தார்.

“லேப்டாப்பா? அத யாரு வேண்டாம்னா?”

“கரண்டு சாமான்னு கேட்டீங்க மேடம்…”

“அட கூறுகெட்டவளே. கெட்டிலு, ஹீட்டரு, ஃபியூஸ் போவுதுன்னு கேக்கேன். இங்க முப்பது பிள்ளைக லேப்டாப்பு வச்சிருக்கு. நீ வாயத் தொறந்திருந்தா நான் அஞ்சு நிமிசத்துல எழுதிருப்பேன்!”

மேசையைத் தட்டினார். பிறகு குரல் இறங்கியது. “அன்னைக்குத் தெரியல மேடம்னு சொன்னியே, என் முகத்தப் பாத்து. அதுதான் எனக்கு ஆறல.”

அக்காவின் எண்ணைப் புதிய வரியில் மறுபடி எழுதினார். எனக்கு ஆறு மாதம் கிடையாது என்றார். பயிற்சியிலிருந்து நானே பெயரை எடுத்துவிட்டேன்.

நார்வே பள்ளிக்கும் ஒரு கடிதம் எழுதினேன், தொடர்பு அறுந்ததெல்லாம் என்னால் என்று, என் முழுப் பெயர் போட்டு. சண்முகவடிவு, முகவரியோடு. மேடம் அடியில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார். அக்காவின் மேசையில் வைத்தேன். அக்கா வாசித்து, போனில் படம் எடுத்து அனுப்பினார்.

மே 16, வெள்ளி

நார்வே பள்ளியில் கடைசி வகுப்பை மட்டும் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். முடிவு பிறகு.

லேப்டாப்பை அணைத்தால் போதும், எனக்குத் தெரியும். ஆனாலும் அதைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய், ஏழேகாலிலிருந்து எட்டே முக்கால் வரை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒருமுறைகூட நிற்கவில்லையாம். அதைச் சொன்னது மேடம்தான்.

மே 19, திங்கள்

பதில் வந்தது. மேடத்திடம் அக்கா சொன்னதை நான் வராந்தாவைக் கூட்டும்போது கேட்டேன். கடிதத்தை ஏற்றுக்கொண்டார்களாம். குழந்தைகளுக்கும் அக்காவைப் பிடித்திருக்கிறதாம். ஆனால் விதியை மாற்ற முடியாது, முதலிலிருந்து எட்டு வகுப்பு. முடிவு ஜூன் கடைசியில். இங்கே பள்ளியில் ஷெரினுக்குப் பிடித்து வைத்திருந்த இடத்தை மே முப்பத்தொன்றுக்குள் உறுதி செய்ய வேண்டும். வேலை இல்லாமல் வீடு பிடிக்க முடியாது. இந்த வருஷம் ஷெரின் வர மாட்டாள்.

மே 20, செவ்வாய்

காலையில் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். அக்கா தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று ஷெரினுடன் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

“அம்மா என்ன செய்யட்டும் தங்கம், நெட்டு சரியில்ல…”

“நீ பொய் சொல்லுத. போன தடவையும் இப்படித்தான் சொன்ன. உனக்கு நான் வர்றது பிடிக்கல.”

“அப்படிச் சொல்லாத ம்மா.”

“பைய அவுத்துட்டேன். எல்லாத்தையும் பழைய எடத்துல வச்சிட்டேன். பெரியம்மாட்ட குடுக்கேன்.”

அக்கா என் பெயரைச் சொல்லவில்லை. நெட்டு சரியில்லை என்றுதான் சொன்னார்.

மே 22, வியாழன்

பியூலா அக்கா,

இந்தப் பக்கம் உங்களுக்கு. முன்னால் உள்ளதையும் படியுங்கள், ஒளிக்க ஒன்றும் இல்லை. சில இடத்தில் என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டி எழுதியிருக்கிறேன், மே ஒன்றாம் தேதி போல. வேறு இடங்களும் இருக்கும். நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஒன்பது நாளாக நீங்கள் என்னிடம் பேசியதை எண்ணிவிடலாம். லைட்டை அணை, பால் வந்திருக்கிறது, தள்ளு. நியாயம்தான். அறையை மாற்றிக்கொள்கிறேன் என்று மேடத்திடம் சொன்னேன். “அது பியூலா சொல்லட்டும்,” என்றார். நீங்கள் இன்னும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. மன்னிப்பு உங்களிடம் இருக்கிறது, தருவதும் தராததும் உங்கள் இஷ்டம். நான் கேட்க வந்தது வேறு. இரண்டு நாளாக நாக்கு நுனியில் இருக்கிறது. செருப்பை மாட்டும்போது, தண்ணீர் பிடிக்கும்போது, உங்களைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறேன். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாததால் சரியாகக் கேட்கத் தெரியவில்லை. அதிகப்பிரசங்கித்தனமாக இருந்தால் இந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள்.

ஷெரின் உங்களைப் பொய் சொல்பவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் ஒருநாளும் என் பெயரைச் சொல்ல மாட்டீர்கள். நெட்டின் மேலேயே போட்டுவிடுவீர்கள். அவள் அதை நம்ப மாட்டாள், எட்டு வயதில் நானும் நம்பியிருக்க மாட்டேன். பொய் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அவள் முகத்தைப் பார்த்து நான் சொல்ல வேண்டும், போனில் இல்லை. அவள் என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

சென்டரில் ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன். அன்று காலை ஆறரைக்கு ஷெரினைப் பார்க்க நீங்கள் நாசரேத் பஸ் ஏறுவீர்கள் என்று மேடம் சொன்னார். உங்களுக்குப் பக்கத்தில் உட்கார மாட்டேன், பின்னால் நின்றுகொண்டே வருகிறேன்.

என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் அக்கா.